அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் வையுங்கள்

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் படங்களுக்கும் திரைக்கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம்.

என் முகம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2001-ஆம் ஆண்டு தொடங்கி, உங்கள் கதைகளிலும் உங்களுக்கு முன்னால் எழுதியவர்களின் கதைகளிலும் தங்கையாக, தோழியாக, தாதியாக, அண்ணியாக வந்து, பிறகு நிரந்தரமாக அம்மாவாகிப் போனவள் நான். பகலில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். நடிப்பு மட்டுமே சோறு போடும் அளவுக்கு நம் ஊரில் தமிழ் நாடகங்கள் தயாராவதில்லை. உங்களுக்கும் அது தெரியும். உங்களில் பலரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் கண்விழித்து எழுதுகிறவர்கள்தான்.

சென்ற மாதம் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். “டீச்சர், நேத்து டிவியில அழுதீங்களே, அது யாரு?” என்று கேட்டாள். “அது ஒரு அம்மா” என்றேன். “எங்கம்மா பேரு எனக்குத் தெரியும். அந்த அம்மா பேரு என்ன?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு நாள் படப்பிடிப்பு, பத்தொன்பது காட்சிகள். அவற்றில் பதினொன்றில் ‘அம்மா கண் கலங்குகிறாள்’ என்று எழுதியிருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவள் ‘அம்மா’ மட்டும்தான். அவளுடைய கணவருக்குப் பெயர் இருந்தது. கணவரின் முதலாளிக்குப் பெயர் இருந்தது. ஒரே ஒரு காட்சியில் வந்துபோகும் வழக்கறிஞருக்கும் இருந்தது. பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு எழுதத் தொடங்கிய மடல் இது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. துணைப் பாத்திரமாக வரும் பெண்ணுக்குப் பெயர் வையுங்கள். நாயகனின் அம்மாவோ, நாயகியின் தோழியோ, பக்கத்து வீட்டு ஆண்ட்டியோ, மருத்துவமனைத் தாதியோ, யாராக இருந்தாலும் அவள் வாயில் முதல் வசனத்தை வைப்பதற்கு முன் அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். இதையா இவ்வளவு பெரிதாகக் கேட்கிறாள் என்று தோன்றலாம். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. திரைக்கதை கைக்கு வந்ததும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். பெயர், வயது, எந்த வட்டாரம், எத்தனையாவது மாடி, என்ன வேலை, காலையில் எழுந்ததும் என்ன குடிப்பாள், எந்த உறவுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை. இதையெல்லாம் நானாக எழுதிக்கொள்வேன். இதுவரை 41 பெண்கள் அந்த நோட்டில் குடியிருக்கிறார்கள். செல்லம்மாள், 58 வயது, பிடோக், ஐந்தாவது மாடி, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் தோசைக் கடை. ரோஸ்மேரி, 49, ஈசூன், பலதுறை மருந்தகத்தில் தாதி, காலையில் கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் சேர்க்காத காப்பி) இல்லாமல் யாரிடமும் பேசமாட்டாள். அஞ்சலை, 63, தம்பியோடு சொத்துத் தகராறு, பதினாறு ஆண்டுகளாக அவன் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

எந்த இயக்குநரிடமும் இதைக் காட்டியதில்லை. ஆனால் பெயர் வைத்த பிறகுதான் எனக்கு அவள் நடை வரும். நாள் முழுதும் நின்று தோசை சுட்ட செல்லம்மாளுக்கு இடது முழங்காலில் வலி இருக்கும். சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். எழும்போது ஒரு மூச்சு விடுவாள். மகன் கத்தும்போது உடனே எழுந்து ஓட அவளால் முடியாது, உட்கார்ந்தபடியே பதில் சொல்வாள். ஒரு காட்சியில் அப்படித்தான் செய்தேன். இயக்குநர் கேமரா இருந்த இடத்தையே மாற்றி மறுபடி எடுத்தார். நன்றாக வந்தது என்றார். அது ஏன் நன்றாக வந்தது என்று அவருக்குத் தெரியாது, செல்லம்மாளுக்குத் தெரியும். ஆனால் வெறும் ‘அம்மா’ எப்படி உட்காருவாள் என்று கேட்டால், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் என்னால் சொல்ல முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்தபோது ஒளிபரப்பு நிலையம் கால்டிகாட் குன்றின்மேல் இருந்தது. தோம்சன் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, வியர்த்துக்கொண்டே ஆண்ட்ரூ சாலை மேட்டில் ஏறிப் போவேன். எனக்கு அப்போது 26 வயது. 1963-இல் இங்கே தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலிருந்தே தமிழுக்கு இடம் உண்டு என்றாலும், நாடகத்துக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். 2000-இல் வசந்தம் சென்ட்ரல் என்ற தமிழ் ஒளிபரப்பு வந்து அது கூடியது. 2008 அக்டோபர் 19-ஆம் தேதி, தீபாவளிக்கு எட்டு நாள் முன்னதாக, வசந்தம் முழு ஒளிவழியாகத் தொடங்கியது. எங்களுக்கெல்லாம் அந்த ஆண்டு இரண்டு தீபாவளி. இனி வேலைக்குப் பஞ்சமில்லை என்று ஒருவரையொருவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டோம்.

வேலை வந்தது. நாடகங்கள் கூடினால் வீடுகள் கூடும், வீடுகள் கூடினால் அம்மாக்கள் தேவைப்படுவார்கள். அடுத்த ஆண்டே, 34 வயதில், முதல்முறையாக அம்மாவானேன். என் மகனாக நடித்தவருக்கு 29 வயது. ஒப்பனை செய்த அக்கா என் காதோரம் வெள்ளைப் பவுடரைத் தடவிக்கொண்டே, “ஒருதரம் நரைச்சா அப்புறம் கறுக்காது கண்ணு” என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது. அதன்பிறகு எனக்கு வேறு வேடம் அநேகமாக வரவே இல்லை. அதற்காக நான் அழவில்லை. அம்மா வேடம் எனக்குப் பிடிக்கும். பெயரில்லாத அம்மாவாக இருப்பதுதான் பிடிக்கவில்லை.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதை எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் படமாக்குவார்கள். ஒலி பதியும்போது குளிரூட்டி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். சன்னல்கள் சாத்தியிருக்கும். பட்டுச்சேலையில் நிற்போம். பெரும்பாலும் அது எங்கள் சொந்தச் சேலைதான், எட்டாம் காட்சிக்கும் முப்பதாம் காட்சிக்கும் ஒரே சேலை என்றால் இடையில் அதைத் துவைக்கவும் பயம், சாயம் மாறிவிட்டால் கன்டினியூட்டி போய்விடும்.

மகனும் அம்மாவும் சண்டை போடும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இருவரையும் சேர்த்து எடுப்பார்கள். பிறகு மகனுக்குக் குளோசப். அப்போது நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, என் முகம் படத்தில் விழாது என்று தெரிந்தும், முழுசாக அழுது வசனம் சொல்வேன். எதிரே நிற்கிறவர் அழுதால்தான் அவருக்கும் வரும். அது முடிந்து என் குளோசப் வரும்போது பல நாட்களில் மகன் அடுத்த இடத்துக்குக் கிளம்பியிருப்பார். உதவி இயக்குநர் தாளைப் பார்த்து, “நீ எனக்கு அம்மாவே இல்ல” என்று செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார். சுவரில் ஒட்டிய ஒரு துண்டு டேப்தான் என் மகன். அந்த டேப்பைப் பார்த்து நான் உடைந்துபோக வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் துணை நிற்பவள் நோட்டில் இருக்கும் அஞ்சலைதான். பதினாறு ஆண்டுகளாகத் தம்பி வாசலை மிதிக்காதவள், இப்போது மகனையும் இழக்கப் போகிறாள். அதை நினைத்தால் டேப் மறைந்துவிடும். இந்த உதவியை நீங்கள் செய்திருக்கலாம். திரைக்கதையில் இரண்டு வரி போதும்.

பெயரில்லாததால் வரும் தொல்லை நடிப்போடு நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகத்தில் இரண்டு அம்மாக்கள். மாப்பிள்ளை வீட்டம்மா, பெண் வீட்டம்மா. ஒப்பந்தத்தில் ‘அம்மா 1’, ‘அம்மா 2’ என்று இருந்தது. நான் அம்மா 2. படப்பிடிப்பு முடிந்து ஏழு மாதமாகியும் எனக்குச் சம்பளம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், “அம்மா பேமெண்ட் போயிருச்சே” என்று பதில். பல தடவை அலைந்த பிறகுதான் தெரிந்தது, என் நாட்களையும் சேர்த்து மற்ற அம்மாவின் கணக்கில் போட்டிருந்தார்கள். அவரும் என்னைப் போலத்தான், ஏதோ கூடுதல் நாளுக்கு வந்த பணம் என்று நினைத்து வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டார். அழுதுகொண்டே மூன்று தவணையில் திருப்பித் தந்தார். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கணக்குப் பார்த்த பெண் நல்லவர், இளவயது, இரண்டு அம்மாக்களையும் நேரில் பார்த்ததில்லை. தாளில் செல்லம்மாள் என்றும் ரோஸ்மேரி என்றும் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

நாங்கள் சுயதொழில் செய்பவர்கள் என்ற கணக்கில் வருகிறோம். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புத் தொகையை நாங்களே கட்டிக்கொள்கிறோம். படப்பிடிப்பில் கால் பிசகினால் வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் எங்களைச் சேர்க்காது. சம்பளம் வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளிவரை கேட்கலாம். உணவு விநியோகம் செய்பவர்களுக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் தனிச் சட்டம் வந்து, மசேநிதியும் (மத்திய சேமநிதி) விபத்து இழப்பீடும் கிடைத்திருக்கின்றன. மனதார மகிழ்ந்தேன். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு, அதற்குத் தனியாக எழுதுவேன். உங்கள் கையில் இருப்பதை மட்டும் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது பெரிய காரியம். பெயர் வைத்தால் அதோடு நிற்காது என்பதை நோட்டு எழுதியே கண்டுகொண்டேன். ‘அஞ்சலை’ என்று எழுதியதும் அவளுக்கு வயது என்ன என்று கை தானாகக் கேட்கும். 63 என்றால் வேலைக்குப் போகிறாளா என்று கேட்கும். நம் நாட்டில் ஓய்வு வயது 2026 ஜூலையிலிருந்து 64, விருப்பமும் உடல்நலமும் இருந்தால் 69 வரை மறுவேலை. நம் புளோக்குகளில் இருக்கும் அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்கள். நாடகத்து அம்மா மட்டும் எந்நேரமும் வீட்டில், சாமி படத்துக்கு முன்னால், கையில் விபூதித் தட்டோடு நிற்கிறாள்.

என் புளோக்கில் மூன்றாவது மாடியில் ஒரு பெண்மணி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். கொண்டோ ஒன்றில் பாதுகாவல் அதிகாரி. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு மின்தூக்கியில் வருவார், சீருடைச் சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், கையில் தாபாவ் செய்த, அதாவது பொட்டலம் கட்டி வாங்கிய மீ கோரெங். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் சரளமாக மலாய் பேசுவார். கீழே காப்பிக்கடை அங்கிளிடம் ஹொக்கியனில் விலை கேட்பார். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் தமிழில்தான் பதில், பிள்ளை புரிந்துகொள்ளட்டும் என்பார். ஒருநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்து, “நீங்க நாடகத்துல எப்பப் பாத்தாலும் அழுறீங்களே, உங்களுக்கு வேலைவெட்டி இல்லையா லா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைப்போல் ஒருத்தியை நம் நாடகத்தில் அவர் இன்னும் பார்க்கவில்லை என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் இந்நாட்டில் 2.5 விழுக்காடு. அந்தத் தமிழைப் பிள்ளைகளின் காதில் போட்டுக்கொண்டிருப்பவர்களில் மூன்றாவது மாடிக்காரம்மா போன்றவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர் பேசும் தமிழில் மலாயும் இருக்கும், ‘லா’வும் இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள். எனக்குத் தரும் வசனத்தில் தஞ்சாவூர் அம்மாவைத் தேட வேண்டாம். எனக்குத் தஞ்சாவூர் தெரியாது, நம் லிட்டில் இந்தியாவின் தேக்கா தெரியும்.

நம் முன்னோர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் ஐயா வானொலிக்கு எழுதிய நாடகத்தின் தலைப்பே ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’. ஆளுக்குப் பெயரும் அவன் குடியிருக்கும் வீடும் தலைப்பிலேயே வந்துவிட்டன. கம்பத்து (கிராமத்து) வீடுகளிலிருந்து அடுக்குமாடிக்கு மாறிக்கொண்டிருந்த ஒரு தலைமுறை அந்தத் தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில், இது நம் வீட்டுக் கதை என்று காது கொடுத்திருக்கும்.

தமிழகத்தைப் பாருங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்த படம். சிவாஜியும் பத்மினியும் நடித்தது. அதில் மனோரமா ஆச்சி துணைப் பாத்திரம்தான். ஆனால் அவர் வெறும் ‘நாடகக்காரி’ இல்லை, ஜில் ஜில் ரமாமணி. அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதிலேயே அவள் மேடை இருக்கிறது, சலங்கை இருக்கிறது, ஊர் ஊராகக் கூடாரம் போடுகிறவளின் அசட்டுத் துணிச்சலும் வெள்ளை மனதும் இருக்கின்றன. ஆச்சி பாதி வேலையைத் தொடங்கும் முன்பே எழுதியவர் பாதியைச் செய்து கொடுத்துவிட்டார். அதே படத்தில் மோகனாவின் தாய்க்கும் பெயர் உண்டு, வடிவாம்பாள். சி.கே. சரஸ்வதி நடித்தார். மகளை விலைபேசத் துணியும் தாய். எத்தனை ஆண்டு கழித்துப் பார்த்தாலும் வடிவு வரும்போது நெஞ்சு படபடக்கிறது. ஆயிரம் படங்களுக்குமேல் நடித்து உலகச் சாதனை படைத்த ஆச்சியை நினைக்கும்போது என் மனதுக்கு முதலில் வருவது அந்த எண்ணிக்கை இல்லை, ரமாமணிதான்.

நம் ஊர்ப் படத்திலும் ஒன்று சொல்வேன். கே. ராஜகோபால் இயக்கிய ‘எ யெல்லோ பேர்ட்’ 2016-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. சிறையிலிருந்து திரும்பும் மகனை மன்னிக்க முடியாத ஒரு தாய் அதில் வருகிறாள். நடித்தவர் இந்தியாவிலிருந்து வந்த சீமா பிஸ்வாஸ். எவ்வளவு பெரிய நடிகை! அவர் வந்ததில் எனக்குக் குறையில்லை, பார்த்துப் பாடம் படித்தேன். திரையரங்கில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது வேறு. மன்னிக்காத அம்மா ஒருத்தியை எனக்கு யாரும் எழுதித் தந்ததே இல்லையே என்பதுதான். என்னுடைய 41 பேரும் கடைசிக் காட்சியில் மன்னித்துவிடுகிறார்கள். மகன் குடித்தாலும், மருமகளை அடித்தாலும், வீட்டை விற்றாலும், கடைசியில் அம்மா அவன் தலையைக் கோதுவாள். பெயரில்லாதவளுக்குச் சொந்தமாக ஒரு கோபம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அஞ்சலையாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள்.

நாடகம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலையும் பாருங்கள். ‘நாயகன் பெயராக இன்னார், அம்மாவாக இன்னார்’ என்று ஓடும். இப்போது இணையத்தில் பார்க்கும்போது அது முடிவதற்குள் அடுத்த பகுதி தொடங்கிவிடுகிறது. அது போகட்டும். எனக்கு இருக்கும் கவலை இன்னும் இருபது ஆண்டு கழித்துத் தேடப்போகிறவர்களைப் பற்றியது. 2015-இல், நாட்டின் பொன்விழாவையொட்டி, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்தொகுப்பாகித் தேசிய நூலக வாரியத்திடம் சேர்ந்தன. பிறகு மேடை நாடகத்துக்கும் அப்படி ஒரு தொகுப்பு உருவானது. தொண்டூழியர்கள் வீடு வீடாகப் பழைய நோட்டீசுகளையும் படங்களையும் தேடிப்போன உழைப்பு அது. நம் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒன்று வரும் என்று நம்புகிறேன். அன்றைக்கு யாராவது ஒரு மாணவி ‘அம்மா’ என்று தட்டித் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். எந்த அம்மா என்ன செய்தாள், யார் நடித்தார் என்று எப்படிப் பிரித்தெடுப்பாள்? என்னோடு நடித்த மூத்த அக்காமார் இருவர் இப்போது இல்லை. அவர்கள் நடித்த வேடங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், “அந்தப் பச்சைச் சேலை கட்டின அம்மா”, “அந்த ஆஸ்பத்திரி அம்மா” என்றுதான் எங்களாலேயே பேச முடிகிறது. இருபது முப்பது ஆண்டு உழைத்தவர்கள். அவர்களைச் சேலையின் நிறத்தை வைத்து நினைவுகூர வேண்டியிருக்கிறது.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கஷ்டம் தெரியும். இத்தனை பகுதிகள், இத்தனை நாளுக்குள், இத்தனை வீடுகளில்தான் எடுக்க முடியும் என்று கையைக் கட்டிப்போட்டுத்தான் எழுதச் சொல்கிறார்கள். பெயர் வைப்பதற்குச் செலவில்லை. கூடுதல் நாள் வேண்டாம், கூடுதல் விளக்கு வேண்டாம். கதை விவாதத்தின்போது யாராவது ஒருவர், “இந்த அம்மா பேர் என்ன?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த காட்சிக்குப் போகாதீர்கள். பெயர் வந்ததும், “இவங்க காலையில எத்தனை மணிக்கு எழுவாங்க?” என்று அடுத்தவர் கேளுங்கள். அவ்வளவுதான். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் வயது நடிகைகள் எல்லாருமே அந்த மீதியைச் செய்யக் காத்திருக்கிறார்கள்.

என் நோட்டுப் புத்தகம் வேண்டுமானால் தருகிறேன். அதிலுள்ள 41 பேரையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் பெயரைப் போட வேண்டாம், அவர்கள் பெயரைப் போட்டால் போதும்.

வரும் சனிக்கிழமை எனக்குப் படப்பிடிப்பு இருக்கிறது. உட்லண்ட்ஸில் ஒரு நாலறை வீடு, காலை ஏழு மணிக் கால்ஷீட். மகள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், அம்மா அவளுக்குச் சோறு போடுகிறாள். ஏழு காட்சிகள். திரைக்கதை நேற்று வந்தது, நான் இரண்டு முறை படித்துவிட்டேன், நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அந்த அம்மாவுக்கு மட்டும் இன்னும் பெயரில்லை. இந்த முறை என் நோட்டில் அந்த வரியை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு துணை நடிகை